பட்டப்பெயரைக் கழற்றி வை, மக்களே!

அய்யா துணை

அய்யாவின் பள்ளியறையில் சிலை கிடையாது. இரண்டு விளக்குகளும் அவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடியும்தான் உண்டு. நெற்றியில் நாமம் தரித்து அதன்முன் நிற்பவருக்குத் தெரிவது அவரவர் முகமே. அரசன் நின்றாலும் அவன் முகம்தான் தெரியும், பனையேறும் தொழிலாளி நின்றாலும் அவர் முகம்தான் தெரியும். உன்னுள்ளே நான் இருக்கிறேன், வெளியே தேடி அலையாதே என்று அய்யா சொல்லாமல் சொல்லி வைத்த பாடம் அது.

இந்தப் பாடத்தைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிற பெண்பிள்ளைகளில் சிலர், வீட்டுக் கண்ணாடியைப் பார்க்கவே கூசுகிறார்கள். தலை சீவும்போதும் குனிந்தே சீவுகிறார்கள். போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் ஓடி ஒளிகிறார்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறார்கள். பெற்றவர்கள் கசாயம் போட்டுக் கொடுக்கிறார்கள், அல்லது சோம்பேறித்தனம் என்று ஏசுகிறார்கள். வலி வயிற்றில் இல்லை. யாரோ ஒருவர் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் அந்தப் பிள்ளையின் உள்ளே தைத்து நிற்கிறது.

சொல்தானே, காற்றோடு போகாதா என்று கேட்பவர் உண்டு. போகாது. முள் குத்தினால் எடுத்து எறியலாம். பத்துப் பேர் முன்னால் ஒரு பிள்ளையை 'கரிச்சட்டி' என்று கூப்பிட்டு, அந்தப் பத்துப் பேரும் சிரித்துவிட்டால், அன்று இரவு அவள் தூங்கமாட்டாள். மறுநாள் அதே பெயர். அடுத்த வாரமும் அதே பெயர். ஒரு மாதத்தில் ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நிற்கமாட்டாள். எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்களே!

பழிச்சொல் வரும் வழிகள்

பெண்பிள்ளைகளைத் தாழ்த்தும் வழிகள் பல. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது ஒன்று. பருமன், மெலிவு, பல், முடி, திக்குவாய் என்று உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் குறி வைப்பது இன்னொன்று. வயதுக்கு வரும் பருவத்தில் உடம்பு மாறுவதைப் பார்த்து முணுமுணுப்பதும், முதுகில் தட்டி உடுப்பைச் சுண்டி விடுவதும், பஸ் ஸ்டாப்பில் நின்று பாட்டுப் பாடுவதும் வேறொரு வகை. தகப்பன் செய்யும் தொழிலையும் சாதியையும் இழுத்துப் பேசுவது மற்றொன்று.

அடியும் இல்லாமல் வசையும் இல்லாமல் நடக்கும் கொடுமை ஒன்று உண்டு. பெண்பிள்ளைகளே பெண்பிள்ளைக்குச் செய்வது அது. நான்கு பேர் கூடி, 'இனி அவகூட யாரும் பேசக்கூடாது' என்று முடிவு செய்துவிடுவார்கள். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தனியே உட்கார்ந்திருப்பாள். ஆசிரியர் கண்ணுக்கு இது தெரியாது. யாரும் யாரையும் அடிக்கவில்லையே!

இப்போது கையில் செல்போனும் வந்துவிட்டது. முன்பெல்லாம் பள்ளிக்கூட மணி அடித்தால் கேலியும் நின்றது. இப்போது வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கும் நடக்கிறது. ஒரு பிள்ளையின் படத்தைக் கோணலாக்கிப் போட்டு, கீழே நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால் பாதுகாப்பு என்ற நிலை போயிற்று.

பெயரைப் பறித்த காலம்

அன்புக்கொடி மக்களே! இந்தக் கொடுமை அய்யாவழி மக்களுக்குப் புதிதல்ல. பழிப்பெயர் சூட்டுவது என்றால் என்ன என்பதை இந்த வழி பிறந்த நாளிலேயே அறிந்தது.

1809-ஆம் ஆண்டு பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றவர்கள் ஆசையோடு 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட்டார்கள். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் சீறினார்கள். அந்தப் பெயரை விலக்கி 'முத்துக்குட்டி' என்று அழைக்க வேண்டியதாயிற்று. பெற்றவர்கள் வைத்த பெயரைக்கூடப் பிள்ளைக்கு விட்டு வைக்காத காலம் அது. உலகுக்கெல்லாம் முடிசூட வந்தவர், தொட்டிலில் கிடக்கும்போதே பெயரால் தாழ்த்தப்பட்டார்.

திருவிதாங்கூர் நாட்டில் அன்று பெண்மக்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். பொன் நகை அணியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பை மறைத்துத் தோள்சீலை போடக்கூடாது. போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் சீலையைப் பலர் பார்க்கக் கிழித்தெறிந்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைக் காட்டி அவளை வெட்கப்பட வைப்பது, அதைப் பார்த்துக் கூட்டம் சிரிப்பது, அதுவே சட்டம் என்று அரசும் சொல்வது. இதைவிடப் பெரிய கேலி என்ன இருக்கிறது?

அந்தப் பெண்கள் குனிந்தே போய்விடவில்லை. 1822 தொடங்கி 1859 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தோள்சீலைக்காகப் போராடினார்கள். கிழித்தால் மறுநாள் மீண்டும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து மேலாடைக்கு இசைந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனை இன்று எங்கே? காற்றில் போயிற்று. அந்தப் பாட்டிகளின் பேத்திகள் இன்று டாக்டராகவும் ஆசிரியையாகவும் வழக்கறிஞராகவும் நிமிர்ந்து நடக்கிறார்கள்.

அந்தப் போராட்டத்தின் நடுவேதான் 1833-இல் அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்தார். பூவண்டன்தோப்பில் ஆறாண்டு தவமிருந்தார். தவசு மூன்றில் மூன்றாம் தவசு பெண்மக்களுக்கு உரியது என்று ஏடு விளக்குவோர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெண் தாழ்ந்து கிடக்கும்வரை தர்மயுகம் வராது என்பதை எண்ணாமல் அந்தத் தவசைப் புரிந்துகொள்ள முடியுமா? தாழ்த்தப்பட்டவரைத் தாங்கிப் பிடிப்பதுதான் தர்மம் என்று அய்யா உரைத்தபோது, அந்தத் தாழ்த்தப்பட்டவருள் பெண்பிள்ளைகளே முதல் வரிசையில் நின்றார்கள்.

பொறுமை வேறு, பயந்து ஒடுங்குவது வேறு

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். அய்யா பொறுமையைப் போதித்தார். அதைப் பிடித்துக்கொண்டு சில தாய்மார் அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம், 'பொறுத்துப் போ, எதிர்த்துப் பேசாதே, பொட்டப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருக்கணும்' என்று சொல்லிவிடுகிறார்கள். அய்யா காட்டிய பொறுமை இதுவா?

அய்யாவைச் சிறைப்பிடிக்கச் சேவகர்கள் வந்தபோது, கூடியிருந்த மக்கள் கொதித்தார்கள். திருப்பி அடிக்கத் துடித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். வழியெல்லாம் அடித்தார்கள், ஏசினார்கள், எள்ளி நகையாடினார்கள். நஞ்சு கலந்து கொடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தார்கள். புலிக்கூண்டில் அடைத்தார்கள். புலி அவரைத் தொடவில்லை. கடைசியில் விடுதலை செய்வதைத் தவிர அரசனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

அத்தனை நாளும் அய்யா என்ன செய்தார் என்று பாருங்கள். அவர்கள் சொன்ன பழியை ஒருநாளும் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. 'ஆமாம், நான் தாழ்ந்தவன்தான்' என்று தலை குனியவில்லை. அவர்களைப்போலத் தாமும் கொடுமையில் இறங்கவில்லை. விடுதலையானபின் பயந்து வீட்டுக்குள் பதுங்கவும் இல்லை. திரும்பி வந்து அதே வேலையை முன்னிலும் பெரிதாகச் செய்தார். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். முத்திரிக்கிணற்றடியில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நிறுத்தினார்.

அய்யாவின் பொறுமை என்பது இதுதான். பொய்யை ஏற்காதே, பொய்யனைப்போல் ஆகாதே, உன் வேலையை விட்டு ஓடாதே. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கிச் சாவதற்குப் பெயர் பொறுமையல்ல. அது பயம். பயத்தைப் போக்கத்தான் அய்யா வந்தார்.

கேலி செய்கிற பிள்ளையை எப்படிப் பார்ப்பது? கலி இந்த யுகத்தில் கொம்பும் பல்லும் வைத்துக்கொண்டு வெளியே நிற்பதில்லை. மாயையாக மனிதர் மனத்துக்குள்ளே இருக்கிறது. அடுத்தவரைத் தாழ்த்தினால்தான் தான் உயர்ந்தவள் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால், அது கலியின் வேலை. ஆகவே பகைக்க வேண்டியது அந்தப் பிள்ளையை அல்ல, அவள் செய்யும் செயலை. அந்தச் செயலைத் தடுத்தே ஆகவேண்டும். தடுக்காமல் விடுவது பொறுமையும் ஆகாது, அன்பும் ஆகாது. கலிக்குச் சோறு போடுவது ஆகும்.

ஒரு பிள்ளையின் கதை

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் கெட்டிக்காரி. நிறம் கறுப்பு. வகுப்பில் யாரோ ஒருத்தி வைத்த பட்டப்பெயர் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. தாயிடம் ஒருநாள் சொன்னாள். தாய் அடுப்படியில் நின்றுகொண்டே, 'நீ என்ன செஞ்ச? சும்மா இருந்தா ஏன் சொல்லுவாளுவ?' என்று கேட்டாள். அதன்பின் பிள்ளை எதையும் சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் இறங்கியது. பத்தாம் வகுப்போடு நின்றுகொள்கிறேன் என்றாள். தகப்பன், 'சரி, தையல் படிக்கட்டும், ரெண்டு வருசத்துல மாப்பிள்ளை பாப்போம்' என்றார். ஒரு பட்டப்பெயர் ஒரு படிப்பையே விழுங்கப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்குத் தாங்கலுக்கு வந்தபோது அவளுடைய அத்தை கவனித்தாள். எப்போதும் முன்வரிசையில் இருப்பவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தபின் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன மக்களே, மொகம் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"சரி, ஒண்ணுமில்லாததையே சொல்லு. நான் கேட்டுட்டு இருக்கேன்."

பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. அத்தையும் அவசரப்படுத்தவில்லை. பிறகு எல்லாம் கொட்டியது. அத்தை இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. புத்தி சொல்லவும் இல்லை. முடிந்ததும் சொன்னாள்:

"நீ தப்பு ஒண்ணும் பண்ணல மக்களே. சொன்னவ தப்பு. சிரிச்சவங்க தப்பு. உன் மேல இல்ல."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்தப் பிள்ளை நான்கு மாதம் காத்திருந்தாள்.

பிறகு அத்தை அவளைப் பள்ளியறைக் கண்ணாடிக்கு எதிரே கூட்டிப்போய் நிறுத்தினாள். "பாரு. யாரு தெரியுறா?" என்றாள். "நான்தான்" என்றாள் பிள்ளை. "உன் பேரைச் சொல்லு" என்றாள் அத்தை. பிள்ளை முணுமுணுத்தாள். "கேக்கல." இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "இன்னும் கேக்கல மக்களே." மூன்றாம் முறை தாங்கல் முழுவதும் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னாள். "அய்யாவுக்கே பேரை மாத்துனாவ. அவரு அந்தப் பேரோடவா நின்னாரு? வைகுண்டரா வந்து நின்னாரு. நீயும் மத்தவங்க வச்ச பேரைக் கழத்தி இங்க வச்சுட்டு, உன் பேரோட வெளிய வா" என்றாள்.

அதோடு அத்தை விட்டுவிடவில்லை. கும்பிட்டால் போதும், எல்லாம் சரியாகும் என்று அனுப்பி வைத்திருந்தால், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை மறுபடியும் தனியாகத்தான் நின்றிருப்பாள். அத்தை அண்ணன் வீட்டுக்குப் போய் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். தாயையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையைப் பார்த்தாள். எந்த நாள், யார், என்ன சொன்னார்கள் என்று பிள்ளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார்கள். ஆசிரியை முதலில், 'பிள்ளைங்க வெளையாட்டுக்குச் சொல்றதுதானே' என்றார். தாளை வாசித்தபின் அப்படிச் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் வீட்டுக்கும் தகவல் போனது.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. பட்டப்பெயர் இன்னும் சில வாரம் அங்கங்கே கேட்டது. ஆனால் இப்போது அந்தப் பிள்ளை ஓடவில்லை. நின்று, முகத்தைப் பார்த்து, 'என் பேர் அது இல்ல' என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டாம் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளை வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்போடு நிற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

பெண்பிள்ளைகளுக்கு

மக்களே, உங்களைத் தாழ்த்திப் பேசினால் முதலில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: இது என் குற்றமல்ல. நிறமும் முடியும் பல்லும் உயரமும் படைத்தவன் தந்தவை. அவற்றைப் பழிப்பவர் படைத்தவனையே பழிக்கிறார்.

நிமிர்ந்து நில்லுங்கள். நீண்ட பதில் வேண்டாம், பதிலுக்குப் பட்டப்பெயர் வேண்டாம். 'இப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கவில்லை' என்று குரல் நடுங்கினாலும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டுப் போங்கள். அழுகை வந்தால் வரட்டும். அழுவது தோல்வியல்ல. வீட்டில் கண்ணாடி முன் நின்று இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகுங்கள். பழகிய சொல்தான் வேண்டிய நேரத்தில் வாயில் வரும்.

தனியாகச் சுமக்காதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்பதால் உங்கள் துன்பம் பொய்யாகிவிடாது. செல்போனில் வந்ததை அழித்துவிடாதீர்கள். அப்படியே படம் பிடித்து வைத்து, பெரியவரிடம் காட்டி, பிறகு அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள். உங்கள் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால், அவன் கேட்பதைக் கொடுத்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கைக்குப் பழகிய வேலை ஒன்று நெஞ்சுக்குத் துணிவு தரும். உகப்படிப்பை மனப்பாடம் செய்து தாங்கலில் முன்னின்று படியுங்கள். ஏட்டை ராகத்தோடு வாசிக்கப் பழகுங்கள். பத்துப் பேர் முன் அய்யாவின் சொல்லை உரக்கப் படித்த குரல், வகுப்பில் எழுந்து விடை சொல்லவும் தயங்காது.

பெற்றவர்களுக்கு

பிள்ளை சொல்ல வரும்போது, கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். 'நீ என்ன செய்தாய்?' என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கதவைச் சாத்திவிடும். 'சொன்னது நல்லது மக்களே, நான் இருக்கேன்' என்பது முதல் சொல்லாக இருக்கட்டும். படிப்பை நிறுத்துவதும், செல்போனைப் பிடுங்கி வைப்பதும், சீக்கிரம் கட்டிக் கொடுப்பதும் தீர்வல்ல. தப்புச் செய்தவன் வெளியே திரிய, தப்புச் செய்யாதவளுக்குத் தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கேலி பல வேளை வீட்டில்தான் தொடங்குகிறது. 'கறுப்பி', 'குண்டு' என்று செல்லமாகக் கூப்பிடுவதும், அக்காள் நிறத்தைக் காட்டித் தங்கையை ஒப்பிடுவதும், சிவப்பழகுக் கிரீம் வாங்கித் தருவதும் பிள்ளைக்கு என்ன பாடம் சொல்கின்றன? உன்னிடம் குறை இருக்கிறது என்று. பெற்றவர்களே சொன்ன குறையை வெளியார் சொல்லும்போது எப்படி அவள் எதிர்ப்பாள்?

பிறர் பிள்ளையைத் துன்புறுத்துவது தம் பிள்ளைதான் என்று தெரிந்தால் பூசி மெழுகாதீர்கள். அடித்து நொறுக்கவும் வேண்டாம். உட்கார வைத்து, அந்தப் பிள்ளையின் இடத்தில் நீ இருந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நேரில் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வையுங்கள். கலி பிடித்த பிள்ளையை மீட்பதும் அய்யாவுக்குச் செய்யும் பணிவிடையே.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பதியில் ஆண்மக்கள் தலைப்பாகை கட்டுகிறார்கள். தலையில் துணி கட்டவும் உரிமையில்லாதிருந்தவர்களுக்கு அய்யா சூட்டிய கிரீடம் அது. அந்தக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு பெண்பிள்ளையைத் தலைகுனிய வைப்பவன் எதைக் கட்டியிருக்கிறான்? வெறும் துணியைத்தான்.

தாங்கல்களுக்கு

நிழல் தருவதால்தான் அதற்கு நிழல்தாங்கல் என்று பெயர். வெயிலில் வாடி வரும் பிள்ளைக்கு அங்கே நிழல் வேண்டும். பெண்பிள்ளைகள் மனம்விட்டுப் பேச, பொறுப்புள்ள தாய்மார் இருவர் ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் உட்காரலாம். படிப்பு வாசிக்கவும், விழாவில் பேசவும், கணக்கு எழுதவும் பெண்பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம். பின்வரிசையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுவது மட்டுமே அவர்கள் பங்கு என்று இருந்தால், மூன்றாம் தவசின் பொருள் எங்கே போயிற்று?

அய்யா ஏன் எல்லோரையும் ஒரே கிணற்றில் பதம் விட வைத்தார், ஏன் ஒரே பந்தியில் உண்ண வைத்தார்? ஒருவரை ஒதுக்கி வைக்கும் கொடுமையை வேரோடு அறுக்கத்தான். ஆகவே அய்யாவழிப் பிள்ளை ஒருத்தி, வகுப்பில் யாராவது தனியே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால், தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவள் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்கக்கூடாது. சமபந்தி தாங்கலோடு முடிவதல்ல. பள்ளிக்கூட மர நிழலிலும் அது நடக்க வேண்டும். சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிக்காமல் இருப்பதே பாதித் தர்மம். பக்கத்தில் போய் நிற்பது முழுத் தர்மம்.

அரசும் சட்டமும்

அன்று அரசு கொடுமையாளர் பக்கம் நின்றது. இன்று சட்டம் பிள்ளைகள் பக்கம் நிற்கிறது. அதைப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம். துன்பத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, தமிழ்நாட்டுப் பள்ளி மாணவருக்குக் கல்வித்துறையின் 14417 ஆகிய எண்கள் உள்ளன. இணையத்தில் நடக்கும் குற்றங்களைச் சைபர் கிரைம் காவல்துறையிடம் சொல்லலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு தொட்டாலும், பேசினாலும், சைகை காட்டினாலும், விடாமல் பின்தொடர்ந்தாலும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அது குற்றம். 'ஊர் என்ன சொல்லும்' என்று அதை மூடி மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாம் கொடுமை. புகார் கொடுத்த பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பிள்ளை தொடர்ந்து தூங்காமல், உண்ணாமல் இருந்தாலோ, 'நான் இல்லாமலே போயிருக்கலாம்' என்பதுபோல ஒரு சொல் சொன்னாலோ, அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல், அன்றே அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். நாமம் சார்த்துவதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அன்புக்கொடி மக்களே! தர்மயுகம் எங்கோ தொலைவில் இருந்து ஒருநாள் வந்து இறங்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். பயந்து ஒடுங்கிய ஒரு பிள்ளை தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும் நாளில், அந்த வீட்டில் தர்மயுகத்தின் விளக்கு ஏற்றப்படுகிறது. அந்த விளக்குக்குக் காற்றுப்படாமல் கை மறைத்து நிற்பது தாய்க்கும் தகப்பனுக்கும், அத்தைக்கும் மாமனுக்கும், ஆசிரியருக்கும் தாங்கலுக்கும் உரிய பணிவிடை.

அய்யா, எங்கள் பெண்மக்களுக்கு அஞ்சாத நெஞ்சைத் தாரும். அவர்கள் சொல்வதைக் கேட்கும் காதை எங்களுக்குத் தாரும். பழித்துப் பேசும் வாய்களில் அன்பை வையும். தனியே நிற்பவள் பக்கத்தில் போய் நிற்கும் கால்களை எங்கள் பிள்ளைகளுக்குத் தாரும்.

அய்யா உண்டு!